தொடக்க விழா ஆட்டம்

சித்தேரித் தண்ணீர் யாருக்கு என்ற வழக்கை நீதிமன்றத்தில் போட்டிருந்தால், தீர்ப்பு வருவதற்குள் ஏரியே ஆவியாகியிருக்கும். அதற்காகத்தான் அரசாங்கம் தகராறு துரிதத் தீர்வுச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஊருக்கு நடுவே தகராறா? ஆளுக்கொரு சதுரங்க இயந்திரத்தோடு வாருங்கள், ஆடுங்கள், ஜெயித்த ஊர் கேட்டது கிடைக்கும். சாட்சி இல்லை, வாய்தா இல்லை, வக்கீல் இல்லை. வக்கீல்கள் மட்டும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

வேலங்குளம் நகராட்சியின் இயந்திரத்துக்குப் பதிவேட்டில் ஒன்றரை வரி நீளத்தில் ஒரு பெயர் உண்டு. அலுவலகத்தில் எல்லோரும் அதைக் கழுதை என்றார்கள். பழைய பெட்டி. மெதுவாக யோசிக்கும். ஆனால் சுமக்கும். அது சுமந்தது ஃபிலோமினாவின் புத்தகத்தை.

ஃபிலோமினாவுக்கு வயது நாற்பத்தேழு. நகராட்சியின் தொடக்கநூல் பிரிவுக்கு அவள்தான் தலைவி, அவள்தான் எழுத்தர், தேநீர் வாங்கப் போவதும் அவள்தான். ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களுக்குள் என்னென்ன நிலைகள் வரும், எந்த நிலையில் எதை ஆடினால் பிழைக்கலாம் என்று பொறுக்கிச் சேர்த்து வைப்பது அவள் வேலை. அந்தப் புத்தகம் இருந்தால் கழுதை ஆரம்பத்தில் யோசிக்க வேண்டியதில்லை. பார்த்தது, ஆடியது என்று போய்விடும். இல்லாவிட்டால் முதல் நகர்த்தலுக்கே ஆறு நிமிடம் முக்கும். ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் என்பது சட்டம். எதிரி தொடவே வேண்டாம், கடிகாரமே கொன்றுவிடும்.

இதெல்லாம் அமுதகிரி நகரியத்துக்கும் தெரிந்திருந்தது. அமுதகிரி என்பது மலைச்சரிவில் புதிதாக முளைத்த ஊர். வீட்டுக்கு வீடு மாடியில் நீச்சல்குளம். குளம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. அதனால் சித்தேரி மதகின் சாவியைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். சாவி அங்கே போனால், மூன்று நாளுக்கு ஒரு தடவை வரும் வேலங்குளத்துக் குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளுக்கு ஒரு தடவை வரும் என்று பொறியாளர் கணக்குச் சொன்னார். ஃபிலோமினா தன் வீட்டுக் குடங்களை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். ஒன்பது நாளுக்குக் குடம் வைக்க வீட்டில் இடமில்லை.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் தீர்ப்பாயத்தில் அமுதகிரி ஒரு மனு போட்டது. தொடக்கநூலைத் தடை செய்ய வேண்டும்.

"மாண்புமிகு நடுவர் அவர்களே!" என்று எழுந்தார் முனைவர் ஹேமசந்திரன். அமுதகிரியின் தலைமை அறிவாளர் என்று அவர் சட்டையில் பொறித்திருந்தது. அந்தப் பதவியை உண்டாக்கியவரும் அவர்தான், அதில் முதலில் உட்கார்ந்தவரும் அவர்தான். "எங்கள் இயந்திரத்தின் திருநாமம் சுயம்பு. அது யாரிடமும் பாடம் கேட்டதில்லை. மனிதன் ஆடிய ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட அது கண்டதில்லை. விதிகளை மட்டுமே ஊட்டினோம். எஞ்சியதைத் தானே கண்டடைந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அது புதிதாகப் பிறக்கிறது!"

"அப்ப தினம் யாரு குளிப்பாட்டுறா?" என்றார் காதர் பாய், ஃபிலோமினாவின் காதோரம். கழுதையை ஓட்டுவது, துடைப்பது, திட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"எதிர்த்தரப்போ," முனைவர் வேலங்குளம் உட்கார்ந்திருந்த பக்கம் கையை நீட்டினார், "மனப்பாடம் செய்துகொண்டு வருகிறது. தேர்வறைக்குத் துண்டுச்சீட்டு கொண்டுவருவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இருவரும் வெறுங்கையோடு வரட்டும். அதுவல்லவா சமநீதி?"

வெறுங்கையோடு வரச் சொன்னவருக்குப் பின்னால் சுயம்பு நின்றது. இரண்டு லாரியில் வந்து இறங்கிய பெட்டி. அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு தனி நிலையமே வந்திருந்தது.

நடுவர் வைஜெயந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது நிஜமாவே தானா யோசிக்குதான்னு நான் பார்க்கணுமே, டாக்டர்."

"பேறு எங்களுடையது!"

தீர்ப்பாயத்தின் சொந்த இயந்திரத்தோடு ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. சுயம்பு படபடவென்று ஆடியது. ஒன்பது நகர்த்தல், ஒன்றுக்கும் ஒரு நொடி ஆகவில்லை. கூடத்தில் ஆச்சரிய முனகல். "இதுதான் உள்ளொளி," என்றார் முனைவர். பத்தாவது நகர்த்தலின்போது சுயம்புவின் விசிறிகள் மாவு மில் போல இரைந்தன. முன்வரிசையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது.

ஃபிலோமினா பறந்த காகிதத்தைப் பார்க்கவில்லை. ஆறாவது நகர்த்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் யாராக இருந்தாலும் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளுவார்கள். சுயம்பு யானைக்கு முன்னால் நிற்பதைத் தள்ளியிருந்தது. அதற்கு முன் அவள் அதை ஒரே ஒரு இடத்தில் பார்த்திருக்கிறாள்.

நடுவர் ஆணையை வாசிக்கத் தொடங்கினார். இனி எந்த இயந்திரமும் தொடக்கநூல் வைத்துக்கொள்ளக் கூடாது. வேலங்குளம் தன் புத்தகத்தை நாளைக்குள் ஒப்படைக்க வேண்டும்.

ஃபிலோமினா எழுந்தாள். "அம்மா, ஒரு சந்தேகம். இயந்திரத்துக்குத்தான் தடை. மனுஷங்க மண்டைக்குள்ள இருக்கறதை என்ன பண்ணுவீங்க?"

"புரியலையேம்மா."

"முதல் சில நகர்த்தலை நான் கையாலயே ஆடிக்கறேன். பிறகு எங்க இயந்திரம் பார்த்துக்கும். அதுக்குத் தடை உண்டா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. முனைவர் ஹேமசந்திரன் மார்பில் கைவைத்துக் குனிந்தார். "சகோதரி தாராளமாக வரலாம்! ஒரு பெண்மணியின் ஞாபகசக்தியைக் கண்டு சுயம்பு அஞ்சாது."

"அதையும் ஆணையில எழுதிடுங்கம்மா," என்றாள் ஃபிலோமினா. "அவங்க சொன்ன மாதிரியே. தாராளமாக, அப்படிங்கற வார்த்தையோட."

நடுவர் எழுதினார்.

அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். கழுதைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் காதர் பாய் வெடித்தார். "என்னம்மா நினைச்சுக்கிட்டு இருக்கே? நீயோ மனுஷி, அதுவோ மலை. நீ எட்டு நகர்த்தல் ஆடுவே, ஒன்பதாவதுல அது உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுரும்."

"எட்டெல்லாம் வேணாம் பாய். விசிறியைக் கவனிச்சீங்களா?"

"எந்த விசிறி?"

"அதோட விசிறி. யோசிச்சா சூடாகணும், சூடானா விசிறி சுத்தணும். முதல் ஒன்பது நகர்த்தலுக்கு அது அசையவே இல்ல. பத்தாவதுலதான் இரைஞ்சுது."

காதர் பாயின் வாய் மெல்லத் திறந்தது. "புத்தகம் வச்சிருக்கான்!"

"அதுவும் யாரு புத்தகம்? ஆறாவதா யானைச் சிப்பாயைத் தள்ளுச்சே, அது மாவட்ட லீக்ல பதிவெழுத்தர் ஒருத்தர் தூக்கக் கலக்கத்துல தப்பா அடிச்சது. ஆடினவன் ஆடினது குதிரைச் சிப்பாய். எல்லாப் போட்டி ஆட்டத்தையும் சேர்த்து வைக்கிற மாநிலக் களஞ்சியத்துல அந்தத் தப்பு அப்படியே கிடக்கு. நம்ம புத்தகத்துல நான் திருத்திட்டேன். இவங்க களஞ்சியத்தை மொத்தமா அள்ளிப் போட்டு அதுக்கு ஊட்டியிருக்காங்க. கல்லுகூடப் பொறுக்கல."

"அவனுக்கு எதுக்கும்மா திருட்டுப் பொழப்பு? கரண்டுக்கா பஞ்சம்?"

"காலிப் பலகையிலேர்ந்து யோசிக்க ஆரம்பிச்சா எவ்வளவு பெரிய பெட்டிக்கும் மூச்சு வாங்கும். ஆரம்பத்துலதான் எல்லா வழியும் திறந்து கிடக்கு. எதை விடறதுன்னு தெரியாது. அதனால எல்லாரும்தான் வச்சுக்கறாங்க. நாம அதைப் புத்தகம்னு சொன்னோம், மாட்டிக்கிட்டோம். அவங்க உள்ளொளின்னு சொன்னாங்க, மாலை போடறாங்க."

"அப்ப மனு போடு. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லு."

"வணிக ரகசியம்பாங்க. ஒரு வருஷம் ஓடும். அதுவே தன் வாயால சொல்லணும் பாய்." அவள் மேசையின் கீழறையிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்துத் தட்டினாள். தூசி கழுதைமேல் படிந்தது. மேலட்டையில் அவளுடைய கையெழுத்தில் 'நீக்கியவை' என்று இருந்தது.

கோப்பைத் திறந்து பார்த்த காதர் பாய் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "அடிப்பாவி. இதையா?"

வேலங்குளத்தில் வருஷா வருஷம் நகராட்சிக் கோப்பைக்கான சதுரங்கப் போட்டி நடக்கும். போட்டியைத் தொடங்கிவைப்பவர் நகர்மன்றத் தலைவர் அழகேசபூபதி. மற்ற ஊர்களில் பிரமுகர் ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டுப் புகைப்படத்துக்குச் சிரித்துவிட்டுப் போவார். அழகேசபூபதிக்கு அது போதவில்லை. ஒவ்வொரு அணித் தலைவரோடும் உட்கார்ந்து ஆடி, ஒவ்வொருவரையும் ஜெயித்தாக வேண்டும். அப்புறம் மாலை, அப்புறம் மதியச் சாப்பாடு. பிரியாணி ஆறிவிடக் கூடாது என்பதால் ஆட்டத்துக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். எதிரே உட்காருபவர் வெள்ளை. அவர் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவார். ஐயா முன்னால் இரண்டு கட்டம் பாய்வது மரியாதை இல்லை. ஐயா தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சுவார். வெள்ளை தன் ராணியைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "தோத்துட்டேங்கய்யா" என்று கும்பிடுவார். கைதட்டல்.

ஆட்டம் முடிந்ததும் ராஜாவைப் பலகை நடுவே வைத்து முடிவைத் தெரிவிப்பது சதுரங்கக்காரர்களின் வழக்கம். மற்றவர்கள் ராஜாவைத் தூக்கி வைப்பார்கள். அழகேசபூபதி தூக்க மாட்டார். தேர் இழுப்பதுபோல் பலகைமேலேயே நடுவரைக்கும் தேய்த்துக்கொண்டு வருவார். கீழே இருந்தது நகர்த்தல்களைத் தானே பதிந்து களஞ்சியத்துக்கு அனுப்பும் மின்பலகை. அதற்கு வெற்றிக் களிப்பெல்லாம் தெரியாது. ராஜா தேய்த்துக் கடந்த முதல் கட்டத்தை அது ஒரு நகர்த்தலாகப் பதிந்துகொள்ளும், மேற்கொண்டு விதிக்குப் பொருந்தாததைத் தள்ளிவிடும். ஆகவே களஞ்சியத்தில் இருப்பது இதுதான்: கறுப்பு ராஜா ஒரு கட்டம் முன்னே, உடனே கறுப்புக்கு வெற்றி. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள். தோல்வி ஒன்றுகூட இல்லை.

புத்தகம் தொகுத்தபோது ஃபிலோமினா அத்தனையையும் களை எடுப்பதுபோல எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க அவள் தலைவரைச் சபித்திருந்தாள்.

இப்போது அவருடைய கையெழுத்து வேண்டும். வேலங்குளத்தின் சார்பில் யார் ஆடுவது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். தலைவரின் அறைக்கு வெளியே அவருடைய ஆளுயரப் படத்தோடு ஒரு பேனர் தொங்கியது: '212 களம் கண்டும் தோல்வி காணாத சதுரங்கச் சிங்கமே!'

"ஏம்மா, ஊரே சிரிக்குது," என்றார் அழகேசபூபதி. "இயந்திரம் ஆட வேண்டிய இடத்துல நம்ம ஆபீஸ் பொம்பளை ஆடறாங்கன்னு. அப்படி என்னதான் ஆடப்போறே?"

"உங்க ஆட்டத்தைத்தான் ஐயா."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ உறுத்த, புருவம் சுருங்கியது. "நமக்குக் குடுத்திருக்கறது வெள்ளை ஆச்சே. ஏரி நம்ம எல்லையில இருக்கறதால முதல் நகர்த்தல் நமக்குன்னாங்களே. என் ஆட்டத்துல வெள்ளை தோக்குமே! இருநூத்துப் பன்னிரண்டு தடவை தோத்திருக்கே!"

"அதைத்தான் ஐயா அந்த இயந்திரமும் நம்பிக்கிட்டு இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இல்லை. பேனாவைத் திறந்தார். "தோத்தா?"

"ஏரியைத் தோத்தவ ஃபிலோமினான்னு பேனர் வச்சுக்குங்க."

"வைப்பேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

ஆட்டம் காலை பத்து மணிக்கு. அமுதகிரிக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வேலங்குளத்துக்காரர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள், அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். முனைவர் ஹேமசந்திரன் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிக்கொண்டு, சுயம்புவின் ஒவ்வொரு நகர்த்தலையும் பாமரருக்கும் புரியும்படி விளக்கப்போவதாக அறிவித்தார்.

ஃபிலோமினா பலகை முன்னால் உட்கார்ந்தாள். சுயம்பு வேறு எதையாவது ஆடினால் கதை முடிந்தது. அவள் ராணி ஓரத்தில் அனாதையாக நிற்கும், புத்தகமில்லாத கழுதை அதை மீட்கக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டும், ஒன்பது நாளுக்கு ஒரு தடவை தண்ணீர். கழுதைக்குப் பக்கத்தில் நின்ற காதர் பாயின் உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன.

ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை எடுத்தாள். ஒரு கட்டம்.

"ஆகா, என்ன அடக்கம்!" என்றது ஒலிபெருக்கி. கூடம் சிரித்தது.

சுயம்புவின் திரையில் கறுப்புச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்தது. நொடிகூட ஆகவில்லை. ஃபிலோமினா திரையைப் பார்க்கவில்லை, விசிறியைப் பார்த்தாள். இறக்கைகளை எண்ணலாம் போல அசையாமல் நின்றது.

அவள் ராணியை எடுத்தாள். பலகைக்கு எதிரே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, பிரியாணி வாசனையை முகர்ந்தபடி இதே ராணியை இதே ஓரத்தில் வைத்தார்கள். எல்லோரும் அதோடு கும்பிட்டார்கள். அவள் வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். கும்பிடவில்லை.

விசிறி அசையவில்லை.

கறுப்பு ராஜா ஒரு கட்டம் முன்னே வந்தது.

"கவனியுங்கள்!" முனைவரின் குரல் உடைந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். "இந்த நகர்த்தலை எந்த மனிதனும் துணியமாட்டான்! கோட்டைக்குள் பதுங்குபவன் கோழை மன்னன். சுயம்புவின் மன்னன் களத்தின் மையத்தை நோக்கித் தானே நடக்கிறான்! இதன் ஆழத்தை விளங்கிக்கொள்ள நமக்கெல்லாம் இன்னும் நூறாண்டுகள் ஆகலாம். மனித மூளையின் எல்லை எங்கே முடிகிறதோ, அங்கே—"

"டாக்டர்," என்றார் நடுவர் வைஜெயந்தி. "விளக்கம் முடிஞ்சுதா? அந்தம்மா ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்காங்க."

"பரவாயில்லம்மா, முடிக்கட்டும்," என்றாள் ஃபிலோமினா. "நூறு வருஷம்னாரே."

சிலர் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

அவள் ராணியை எடுத்து, கறுப்பு ராஜாவுக்கு எதிரே இருந்த கறுப்புச் சிப்பாயை வெட்டி, அந்த இடத்தில் வைத்தாள். ஓசைப்படாமல்தான் வைத்தாள்.

"செக்மேட்."

அப்போதுதான் சுயம்பு யோசிக்க ஆரம்பித்தது. அத்தனை விசிறிகளும் ஒன்றாகச் சீறின. விளக்குகள் மங்கின. காகிதங்கள் பறந்தன. அந்த ஆட்டத்தில் முதல்முறையாக அது தானாக யோசித்த அந்த நிலையில் ஆடுவதற்கு ஒரு நகர்த்தலும் மிச்சமில்லை. இரண்டு நிமிடம் இரைந்துவிட்டு ஓய்ந்தது.

"விபத்து!" என்றார் முனைவர் ஹேமசந்திரன், ஒலிபெருக்கி கையில் இருப்பதை மறந்து. "மின்னழுத்தக் கோளாறு! மறு ஆட்டம் கோருகிறோம்!"

ஃபிலோமினா 'நீக்கியவை' கோப்பை நடுவரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். நடுவர் முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், விரல் விரலாகத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாத் தாளிலும் அதே இரண்டு நகர்த்தல், அதே ராஜா, அதே முடிவு. வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார்.

"டாக்டர். மனிதன் ஆடிய ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட சுயம்பு கண்டதில்லைன்னு சொன்னீங்க."

"ஆம்... அதாவது, தத்துவார்த்தமாக..."

"இருநூத்துப் பன்னிரண்டு கண்டிருக்கு போல." அவர் ஃபிலோமினா பக்கம் திரும்பினார். "நீங்களும் புத்தகத்துலேர்ந்துதானேம்மா ஆடினீங்க?"

"இல்லம்மா. புத்தகத்தைப் போன வாரமே உங்ககிட்ட குடுத்துட்டேன். நான் ஆடினது அதுலேர்ந்து நாங்க கிள்ளிப் போட்டது. எதை வச்சுக்கணும்னு எல்லாரும் எங்கிட்ட கேப்பாங்க. எதை எறியணும்னு பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்."

அரை மணியில் ஆணை வந்தது. மதகின் சாவி வேலங்குளத்தில் இருக்கும். இனி யார் வேண்டுமானாலும் தொடக்கநூல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைத் தொடக்கநூல் என்றே சொல்ல வேண்டும். உள்ளொளி, சுயஞானம் போன்ற சொற்களை மனுக்களில் பயன்படுத்தினால் அபராதம். கடைசி வரியை வாசிக்கும்போது நடுவர் மறுபடி இருமினார்.

காதர் பாய் கழுதையைத் தட்டிக்கொடுத்தார். பாவம், அது இன்னும் ஒரு நகர்த்தல்கூட ஆடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் அழகேசபூபதி பலகை முன்னாலேயே நின்றார். வெளியே அவருக்காக வேட்டு வெடித்துக்கொண்டிருந்தது. அவர் காதில் விழவில்லை. ஃபிலோமினா காய்களைப் பெட்டியில் எடுத்துவைக்க வந்தாள்.

"ஏம்மா." தாழ்ந்த குரல். அந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. "அந்த மூணாவது நகர்த்தல். ராணியால வெட்டினியே. நம்ம விழாவுல என்கூட ஆடினவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?"

பொய் சொல்லலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தாள்.

"எல்லாருக்கும் தெரியும் ஐயா."

"இருநூத்துப் பன்னிரண்டு பேருக்குமா?"

"சாப்பாடு போட்டவங்களுக்குக்கூடத் தெரியும்."

அவர் கறுப்பு ராஜாவைத் தொட்டார். வழக்கம்போல் தேய்க்கவில்லை. தூக்கினார், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டிக்குள் போட்டார். "அந்தப் பேனரை இறக்கச் சொல்லிடறேன். களஞ்சியத்துக்கும் எழுதி அந்த ஆட்டங்களை எடுத்துடச் சொல்லு."

"ஐயோ, வேணாம்யா!" ஃபிலோமினா பதறிப்போய் அவர் கையைப் பிடிக்கப் போனாள். "ஒண்ணையும் தொடாதீங்க. பேனரும் இருக்கட்டும், ஆட்டமும் அங்கேயே கிடக்கட்டும். அடுத்த வருஷ விழாவுலயும் வழக்கம்போல எல்லாரையும் ஜெயிங்க. ராஜாவை நல்லா அழுத்தித் தேய்ங்க."

"எதுக்கும்மா? இன்னும் அசிங்கப்படவா?"

அவள் பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினாள்.

"தானாப் பொறந்தவன்னு சொல்லிக்கிட்டு இன்னொருத்தன் வருவான் ஐயா."